சைக்கிள் விட ஒரு இடம்



நீர் அனுப்பிய ஸ்கந்தபுரம் இளைஞர் ஒருங்கிணைந்த சேவை நிலையத் திட்ட வரைவை முந்தநாள் இரவு வாசித்து முடித்தேன். காணி உறுதி, கரைச்சி பிரதேச சபை அனுமதி, மதிப்பீடு எல்லாம் உமக்குத் தெரிந்த விஷயங்கள். அதில் நான் வாய் வைக்கவில்லை. ஆனால் பின்னிணைப்பில் இருந்த வரைபடத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழும்பிப் போய் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். அவ்வளவு எரிச்சல்.

முன்பக்கத்தில் மூன்று கதவுகள். முதலாவதில் 'தொழில் வழிகாட்டல்', இரண்டாவதில் 'சுகாதாரம்', மூன்றாவதில் 'உளவள ஆலோசனையும் போதை மறுவாழ்வும்'. மூன்றும் றோட்டைப் பார்த்தபடி, பெயர்ப்பலகையோடு. அந்த மூன்றாவது கதவுக்குள் ஒரு பெடியன் கால் வைத்தால், அவன் வீடு போய்ப் படலையைத் திறக்க முந்திக் கதை குசினிக்குள் போய் இருக்கும். பெட்டை என்றால் சொல்லவே வேண்டாம், கலியாணப் பேச்சு வரைக்கும் அந்தக் கதவு பின்னால் வரும்.

முன்னுரையில் அவுஸ்திரேலியாவின் ஹெட்ஸ்பேஸ் என்ற இளைஞர் உளநல அமைப்பைக் காட்டியிருக்கிறீர். 2006இல் தொடங்கியது, 12 வயதிலிருந்து 25 வரை, உளநலம், உடல்நலம், படிப்பும் வேலையும், மதுவும் போதையும் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே என்று. சரிதான். கூரையைப் பார்த்த நீர் வாசலைப் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே வாசல் என்றால் உள்ளே போனவன் எதற்குப் போனான் என்று வெளியில் நிற்கிறவனுக்குத் தெரியாது. ஊர்வாய் பெரிதாக உள்ள இடத்தில் அதுதான் பாதி வைத்தியம்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 1996இல் கிளிநொச்சிப் பட்டணம் ஆமியிடம் போனபிறகு சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று வந்து நிறைந்தது. ஸ்கந்தபுரமே ஒரு பட்டணம் மாதிரி ஆகிவிட்டது. அடுத்த வருசம் ஒரு நிறுவனம் என்னைக் கூப்பிட்டுக் கிடுகுக் கொட்டில் ஒன்றில் மேசையும் கதிரையும் தந்தது. வாசலில் 'உளவள ஆலோசனை நிலையம்' என்று நீலப் பெயின்ற்றில் பலகை. மூன்று கிழமை இருந்தேன். வந்தது ஒரு பசுவும், அதைத் தேடி வந்த கிழவரும்தான்.

எதிரே வேப்பமரத்துக்குக் கீழே ஒரு சைக்கிள் திருத்துகிற கடை. ஒரு பெடியன், பதினேழு வயது இருக்கும், நாளாந்தம் காத்தடிக்க வருவான். ஒருநாள் தற்செயலாகக் கண்டேன்: வேலி மூலையில் சைக்கிளை நிறுத்தி, வால்வைத் தளர்த்தி, காத்தைத் தானே திறந்துவிட்டு, வெறும் ரயரோடு உருட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். பம்மைப் பிடித்து நாலு அடி அடிப்பான், நிற்பான், கடைக்காரரோடு ஏதோ கதைப்பான், திரும்ப நாலு அடி. பத்தாம் நாளோ பதினோராம் நாளோ கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “வாத்தி, அவனுக்கு ராவில நித்திரை இல்லையாம். ஒருக்கா வந்து சும்மா இரும்.” அன்றைக்கே என் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் வேப்பமரத்துக்குக் கீழே போட்டேன். பலகையைக் கழற்றினேன். நிறுவனத்துக்கு அது பிடிக்கவில்லை. அது வேறு கதை.

உம்முடைய வரைபடத்தில் சைக்கிள் விடவே இடமில்லை. பம்மும் இல்லை. வாகனத் தரிப்பிடம் மட்டும் இருக்கிறது, அது யாருடைய வாகனத்துக்கு என்று எனக்குத் தெரியும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். காலை 8.30 முதல் பின்னேரம் 4.15 வரை என்று போட்டிருக்கிறீர். அது கந்தோர் நேரம். அந்த நேரத்தில் படிக்கிறது பள்ளிக்கூடத்திலும் பிறகு ரியூசனிலும், உழைக்கிறது வயலில். இரண்டும் வெளிக்கிடுகிற நேரத்தில் நீர் பூட்டுப் போடுகிறீர்.

இன்னொன்று. 'பயனாளிகள்' என்ற சொல்லை 37 இடத்தில் எண்ணினேன். அந்தச் சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்கிறேன். மெல்பேணில் கட்டடக்கலை படித்து, மொம்பாசாவில் நகரத் திட்டமிடலாளராக வேலை செய்த டேவிட் ஐயா, டொக்டர் இராஜசுந்தரத்தோடு சேர்ந்து வவுனியாவில் காந்தியம் என்ற அமைப்பை நடத்தினார். 1977 கலவரத்தில் மலைநாட்டிலிருந்து அடித்துத் துரத்தப்பட்ட குடும்பங்களைக் குடியிருத்தினார்கள். அவ்வளவு படித்த கட்டடக்கலைஞர் அங்கே முதன்மையாக நடத்தியது பண்ணைகளும் முன்பள்ளிகளும். இராஜசுந்தரத்தை 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொன்றார்கள். டேவிட் ஐயா 2015இல் கிளிநொச்சியில்தான் காலமானார். அப்படி வன்னிக்கு வந்த சனத்தின் பேரப்பிள்ளைகளும் உம்முடைய பட்டியலில் இருக்கும். அவர்களைப் பெடியள், பெட்டையள் என்றே எழுதும், திட்டம் ஒன்றும் குறைந்துபோகாது.

இனி ஒன்பதாம் பக்கம். ஐந்து மணிக்குப் பிறகு ஊர்ப் பெடியள் எங்கெங்கே கூடுகிறார்கள் என்று நீர் கையால் கீறிய அந்தப் படம்: பஸ் தரிப்பிடம், வாய்க்கால் மதகு, வெளிச்சம் உள்ள அந்த ஒரு கடை. எத்தனையோ வருசம் இந்த வேலையில் கிடந்த எனக்கு இப்படி ஒன்றைக் கீறத் தோன்றவில்லை. மூன்று தரம் பார்த்தேன். அந்தப் பக்கத்தைக் கீறின கைதான் அந்த மூன்று கதவையும் கீறியது என்பதை இன்னும் நம்ப முடியவில்லை.

திருத்தமுன் ஒரு வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அந்த மதகடிக்குப் போம். சைக்கிளில் போம். கமராவும் படிவமும் வேண்டாம். வந்த பிறகு வாசலைக் கீறி எனக்கு அனுப்பும்.