தேசிய மாணவர் படையும் மாணவியரும்

தேசிய மாணவர் படை என்றதும் வெயிலில் அணிவகுத்து நிற்பதையே நாம் எண்ணுகிறோம். 1948-இல் தொடங்கிய இப்படையில் 1949-இலேயே மாணவியர் பிரிவு ஏற்பட்டது. கல்லூரி மாணவியருக்குத் துப்பாக்கி சுடுதல், வரைபடம் பார்த்து வழியறிதல் முதலியவற்றை ராணுவத்தார் கற்பிக்கின்றனர். ஆண்டு முழுதும் உடனிருந்து வழிநடத்துபவரோ, அதற்கெனப் பயிற்சி பெற்ற கல்லூரி ஆசிரியையே.

கற்றவர்கள் பிறகு எங்கே செல்வது? மருத்துவ, செவிலியர் பிரிவுகள் நீங்கலாக, ராணுவம் பெண்களை அதிகாரிகளாக ஏற்க 1992 ஆயிற்று. 43 ஆண்டுகள்! நீண்ட தாமதம்தான். அவர்கள் பயின்ற இடம் தொலைவில் இல்லை. நம் பூந்தமல்லியிலிருந்து சாலை செல்லும் பரங்கிமலையில், 1963-இல் நிறுவப்பட்ட அதிகாரிகள் பயிற்சிக் கழகமே அது. இப்படையின் 'சி' சான்றிதழில் 'பி' தரமேனும் பெற்ற பட்டதாரிப் பெண்களுக்கு அங்குச் சேர எழுத்துத் தேர்வில்லாத தனி வழியுண்டு. தேர்வு வாரியத்தின் 5 நாள் நேர்காணலை மட்டும் எவரும் தவிர்க்க இயலாது.