கட்டளைக்குக் கீழ்ப்படியும் சுவிட்சு

நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் விளையும் நமது விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் மோட்டார் கொட்டகையை அறியாதார் இலர். நள்ளிரவில் மின்சாரம் வந்தால், டார்ச்சு விளக்குடன் வரப்பின்மேல் நடந்து சென்று மோட்டாரைப் போட்டு வந்தவர்கள் நம் தந்தையரும் பாட்டன்மாரும். பாம்பும் மழையும் ஈரக்கையும் அவர்களோடு கூடவே சென்ற ஆபத்துகள். இன்றோ கைப்பேசியால் மோட்டாரை இயக்கும் கருவிகள் வந்துவிட்டன. அவற்றை வாங்கும் உழவர்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பொறியியல் துறை மானியமும் வழங்கியுள்ளது. வீட்டு விளக்கையும் மேல்நிலைத் தொட்டி மோட்டாரையும் இயக்கும் இல்லத் தானியக்கம் என்பதும் இதே தத்துவத்தில் அமைந்ததே. அதனைப் படிப்படியாகக் காண்போம்.

மூளை

கணிக்கும் பகுதி, நினைவகம், வெளியே நீளும் உலோகக் கால்கள் ஆகிய யாவும் ஒரே சில்லில் அடங்கிய சிறு கணிப்பொறியே மைக்ரோ கண்ட்ரோலர். இன்டெல் நிறுவனம் 1980இல் வெளியிட்ட 8051 இவ்வகையில் புகழ் பெற்றது. 2014இல் எஸ்பிரஸிஃப் என்னும் சீன நிறுவனம் வெளியிட்ட இ.எஸ்.பி. 8266 என்னும் சில்லில் வைஃபை வசதியும் சேர்ந்தே இருந்தது. வீட்டுச் சுவிட்சுகள் பலவற்றில் அது இடம் பெற்றது.

கை

இச்சில்லின் கால் தருவது 3.3 வோல்ட்டும் சில மில்லி ஆம்பியருமே. வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். இரண்டையும் நேரடியாக இணைக்கலாகாது. ஆகவே நடுவில் ரிலே என்னும் மின்காந்தச் சுவிட்சு நிற்கிறது. சிறிய 5 வோல்ட் ரிலேயின் சுருளுக்குச் சுமார் 70 மில்லி ஆம்பியர் வேண்டும். அதனைச் சில்லின் கால் தாங்காது. எனவே கால் ஒரு டிரான்சிஸ்டரைத் தூண்ட, டிரான்சிஸ்டர் சுருளை இயக்க, சுருள் காந்தமாகித் தொடுமுனைகளைச் சேர்க்கிறது. சுருளில் மின்னோட்டம் நிற்கும்பொழுது எழும் உயர் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கெடுக்காமலிருக்க ஒரு டையோடும் உண்டு. மோட்டார் கிளம்பும்போது மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும். ஆதலால் சிறிய ரிலே, மோட்டாரின் பெரிய காண்டாக்டரை மட்டுமே இயக்க வேண்டும்.

செய்தி

கைப்பேசியின் கட்டளை சுவிட்சைச் சேர்வது எங்ஙனம்? 1999இல் எண்ணெய்க் குழாய்களைத் தொலைவிலிருந்து கண்காணிப்பதற்கென ஆண்டி ஸ்டான்போர்டு-கிளார்க், ஆர்லன் நிப்பர் ஆகிய இருவர் வகுத்த எம்.க்யூ.டி.டி. என்னும் முறை இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. தபால் நிலையம் போன்ற நடுவர் ஒருவர் இதில் உண்டு. ‘வீடு/தொட்டி/மோட்டார்’ என்ற தலைப்பில் ‘போடு’ என்று அனுப்பினால், அத்தலைப்புக்குக் காத்திருக்கும் சுவிட்சுக்கு நடுவர் அதனைச் சேர்ப்பார்.

இங்கே ஒன்றை நன்கு மனத்தில் பதிக்க வேண்டும். கட்டளை வேறு, நிலைமை வேறு. ‘போடு’ என்று நாம் சொன்னதனாலேயே மோட்டார் ஓடிவிட்டதாகப் பொருளன்று. சுவிட்சு தன் நிலைமையை வேறொரு தலைப்பில் திருப்பிச் சொல்ல வேண்டும். ரிலே சேர்ந்தாலும் தண்ணீர் வராதிருக்கலாம். எனவே மின்னோட்டத்தை அளக்கும் உணரியும் தொட்டியில் மிதவையும் இருப்பது நலம்.

மின்சாரம் திரும்பும் வேளை

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, நமது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இத்தகைய நாட்களில் மின்சாரம் நின்று பின்னர் திரும்பும். ‘கடைசியாகப் போட்டிருந்தேன்’ என்று சுவிட்சு நினைவு வைத்துத் தானே மோட்டாரைக் கிளப்பினால், பழுது பார்ப்பவரின் கை என்னாகும்? ஆகவே பின்வரும் விதிகளைப் போற்றுதல் வேண்டும்:

1. மின்சாரம் திரும்பியதும் ரிலே அணைந்த நிலையிலேயே தொடங்க வேண்டும்.
2. குறித்த நேரத்திற்கு மேல் மோட்டார் ஓடாதபடி சில்லிலேயே கெடு வைக்க வேண்டும். வைஃபை அறுந்தாலும் அக்கெடு செல்லும்.
3. கையால் அணைக்கும் சுவிட்சு எப்போதும் வேலை செய்ய வேண்டும்.
4. கைப்பேசியில் அணைத்துவிட்டோம் என்று நம்பி எவரும் மோட்டாரைத் தொடலாகாது. மெயின் சுவிட்சை நிறுத்திய பின்னரே தொட வேண்டும்.

மாணவியராகிய நாம் 5 வோல்ட்டில் ஒரு சிறு எல்.இ.டி. விளக்கை வைத்தே இவை அனைத்தையும் பழகலாம். 230 வோல்ட் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுவோம். இரவில் கொல்லைக்கு நடக்கும் ஒருவரின் நடையை நம் கல்வி குறைக்குமானால், அதுவே நாம் கற்றதன் பயன் ஆகும்.