தறிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கேட்

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டு முன்கூடத்தில் இரண்டு விசைத்தறி ஓடுகிறது, பின்கட்டில் குடியிருக்கிறோம். ஐந்து மாதச் சிப்பிப்பாறைக் குட்டி ஒன்று வளர்க்கிறோம். தறி ஓடும்போதே உள்ளே புகுந்து தார்க்கட்டையைக் கவ்விக்கொண்டு ஓடிவிடுகிறான். சுவரில் துளை போடாமல் திருகி இறுக்கும் கேட் ஒன்றை இணையத்தில் பார்த்தோம், இரண்டரை அடி உயரம். எங்களுடையது பழைய சுண்ணாம்புச் சுவர். தாங்குமா? சங்கிலியில் கட்டிப்போட்டால் போதும் என்கிறார் மாமனார்.
– வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: அந்த கேட்டை வாங்க வேண்டாம் அம்மா. திருகின் அழுத்தத்தில் மட்டுமே நிற்பது அது. சுண்ணாம்புப் பூச்சு பொரிந்து உதிரும் சுவரில் சீக்கிரமே பிடி தளர்ந்துவிடும். அதைவிடப் பெரிய குறை உயரம். சிப்பிப்பாறை வளர்ந்தால் தோள் மட்டுமே இரண்டடி இருக்கும். முயலைத் துரத்திப் பிடிக்க நம் கரிசல் பக்கம் வளர்த்தெடுத்த ஜாதி. கடைகளில் விற்கும் கேட்டுகள் பெரும்பாலும் தவழும் குழந்தையை மனதில் வைத்துச் செய்தவை.

உங்கள் ஊர் கிரில் பட்டறையிலேயே செய்யச் சொல்லுங்கள். உயரம் நாலரை அடி. இப்போது குட்டிதானே என்று குறைக்காதீர்கள். கம்பிகள் நெட்டுக்குத்தாக மட்டும் இருக்கட்டும். நடுவில் குறுக்குச் சட்டமோ பூ டிசைனோ வைத்தால் கால் வைத்து ஏறிவிடுவான். கம்பிக்குக் கம்பி இரண்டு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, தரைக்கும் கேட்டுக்கும் நடுவிலும் அதே அளவுதான். இந்த ஜாதிக்கு முகம் ஒடுக்கம். புகுந்த தலை திரும்பி வராமல் மாட்டிக்கொள்ளும். இழுத்து விரிக்கும் மடக்கு கேட்டில் கழுத்தே சிக்கும், அதை நினைக்கவே வேண்டாம். தகரம் அடித்து மூடவும் வேண்டாம். சித்திரை வெயிலில் காற்றோட்டம் இல்லாமல் உங்களுக்கும் புழுக்கம், அவனுக்கும் புழுக்கம்.

கீலைச் சுவரில் அடிக்காமல் மரநிலையில் இறக்குங்கள். கேட் நாய் இருக்கும் பக்கமாகத் திறக்க வேண்டும். அப்போதுதான் அவன் முட்டும் வேகத்தை நிலை வாங்கிக்கொள்ளும், கொண்டிக்குச் சுமை இருக்காது. முளையில் செருகும் கீல் என்றால் மேல் கீலைத் தலைகீழாக மாட்டச் சொல்லுங்கள். மூக்கைக் கொடுத்து நெம்பினாலும் கேட் கழன்று வராது. கொண்டி தறிப் பக்கம் இருக்கட்டும்.

ஓடும் தறியில் பெல்ட்டும் உண்டு, சில நேரம் நாடா தெறித்து வெளியே பாய்வதும் உண்டு. ஆனால் எனக்கு அதைவிடக் கவலை தருவது அவன் கவ்வும் தார். நாய் விழுங்கிய நூலின் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பை வாயிலோ சிக்கிக்கொண்டால், மறுமுனையைக் குடல் இழுத்துக்கொண்டே போகும். குடல் அந்த நூலின் மேல் கொசுவம் வைத்ததுபோல் சுருங்கி, கடைசியில் அறுபட்டு ஓட்டை விழும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் தயவுசெய்து இழுக்காதீர்கள், வெட்டியும் விடாதீர்கள். தொடர் வாந்தி, தீனியைத் தொடாமை, தொட்டால் வயிற்றுவலி: இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அறுவை தேவைப்பட்டால் நெல்லை ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கழிவு நூலை மூடி போட்ட டப்பாவில் போடும் பழக்கத்தை இன்றே ஆரம்பியுங்கள்; கேட் வந்த பிறகும் விடாதீர்கள்.

மாமனாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். மனிதக் காதுக்கு எட்டுவது 20,000 ஹெர்ட்ஸ் வரை; நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை எட்டும். தறிச் சத்தத்துக்குப் பக்கத்தில் நாளெல்லாம் சங்கிலியில் கிடந்தால் ஓடப் பிறந்த நாய் வெறித்துப் போகும், குரைப்பும் கடியும் கூடும். படுக்கையைப் பின்கட்டின் கோடியில் போடுங்கள். விடிகாலையில் வெயில் ஏறுமுன், வேலி போட்ட இடமாகப் பார்த்து ஓடவிடுங்கள். காட்டில் அவிழ்த்துவிட்டால் முயல் பின்னால் போய்விடுவான்; 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம்.

கேட் மாட்டியதும் அடைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். முதல் சில நாள் தீனியை கேட் அருகிலேயே வையுங்கள். நீங்கள் மறுபக்கம் நின்று பேச்சுக் கொடுங்கள். அழும்போது திறக்காமல், அழுகை நின்றதும் திறங்கள். பல் முளைக்கும் வயது, கம்பியை நிச்சயம் கடிப்பான். ஈயம் கலக்காத பெயின்டா என்று கேட்டு வாங்கி, வாடை முழுக்கப் போகும்வரை பட்டறையிலேயே காயவிட்டு எடுத்து வாருங்கள்.