பென் டிரைவுக்குள் புகுந்த புழு



போன வருஷம் எங்க அக்கா கல்லூரிக்கு விண்ணப்பம் போட மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஒரு பென் டிரைவில் வைத்திருந்தாள். கடைசித் தேதிக்கு முந்தின நாள் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பிரிண்ட் எடுத்தோம். வந்து பள்ளிக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் எல்லா பைலும் ஷார்ட்கட்டாக மாறிக் கிடந்தது! அக்கா அழுதே விட்டாள். எங்க சார் முதலில் ஆன்டிவைரஸ் ஓட்டினார். பிறகு, "பைல் அழியலம்மா, ஒளிச்சு வச்சிருக்கு" என்று மீட்டுத் தந்தார். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் வைரஸ் உயிருள்ள கிருமி அல்ல. கெட்ட எண்ணத்தோடு மனிதர்களே எழுதும் புரோகிராம்தான். அதன் முக்கிய வகைகள்:

1. வைரஸ்: இன்னொரு பைலிலோ டிஸ்கிலோ ஒட்டிக்கொண்டு பரவும். 1986-ல் பாகிஸ்தானின் லாகூரில் அண்ணன் தம்பி இருவர் எழுதிய 'பிரெய்ன்' பிளாப்பி வழியாகப் பரவியது.

2. வார்ம் (புழு): தன்னைத் தானே நகல் எடுத்துப் பரவும். அக்காவின் பென் டிரைவில் வந்தது இதுதான். அந்த ஷார்ட்கட்டைத் தொட்டால் புழு அடுத்த கம்ப்யூட்டருக்கும் போய்விடும்.

3. டிரோஜன்: நல்ல புரோகிராம் போல வேஷம் போட்டு வரும். நம்ம காப்பிச் செடியில் தண்டுத்துளைப்பான் இருந்தால் வெளியே பச்சையாகத்தானே தெரியும்? உள்ளே புழு குடைந்துகொண்டிருக்கும். அது மாதிரி.

4. ஸ்பைவேர்: நாம் தட்டும் பாஸ்வேர்டை ஒளிந்திருந்து பார்த்து வேறொருவருக்கு அனுப்பும்.

5. ரான்சம்வேர்: பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' சுமார் 150 நாடுகளைத் தாக்கியது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே திண்டாடின. இதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே கொடுத்திருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள்!

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். 2019-ல் நம் தமிழ்நாட்டில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் அலுவலகக் கம்ப்யூட்டர் ஒன்றில் இப்படி ஒரு புரோகிராம் புகுந்தது. அணுமின் கழகமே அதை அக்டோபர் 30-ம் தேதி ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் நிர்வாக வேலைக்கானது. உலையை இயக்கும் கம்ப்யூட்டர்கள் தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்ததால் அவற்றுக்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது. பிரித்து வைத்ததுதான் காப்பாற்றியது!

நாம் செய்ய வேண்டியவை:

* பென் டிரைவைச் சொருகியதும் திறக்காமல் முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.
* முக்கியமான பைலை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று போனாலும் ஒன்று இருக்கும்.
* அப்டேட் கேட்டால் தள்ளிப் போடாதீர்கள்.
* அப்பா அம்மா போனுக்குக் கல்யாணப் பத்திரிகை என்று 'ஏபிகே' பைல் வந்தால் தொடவே வேண்டாம். பத்திரிகை படமாக வரும், ஆப்பாக வராது.
* பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

அக்கா மறுநாளே விண்ணப்பித்துவிட்டாள். இப்போது சேலத்தில் படிக்கிறாள். அன்றைக்கு சார் இல்லாவிட்டால் ஒரு வருஷம் வீணாகியிருக்கும். அதனால் ஒரு பைலைத் திறக்கும் முன்னே, "இது யார் அனுப்பியது? எதற்கு?" என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

யோசித்துத் தொடுவோம்! விழிப்போடு இருப்போம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, தலைச்சோலை