சூளையிலிருந்து சந்தைக்கு

நுழையும்முன்

பயணம் சென்று திரும்புவோர் வாங்கிவரும் சிறுபொருள், அவ்வூரின் மண்ணையும் உழைப்பையும் சேர்த்தே சுமந்து வருகிறது. அதன் விலையில் உழைத்தவரின் பங்கு எவ்வளவு?

திருமுதுகுன்றம், பழமலை என்னும் பழம்பெயர்களை உடைய விருத்தாசலம், கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்துள்ளது. பழமலைநாதர் கோயிலால் சிறப்புற்ற இவ்வூர், பீங்கான் தொழிலாலும் பெயர்பெற்றது. அகல்விளக்குகளும் பொம்மைகளும் இங்கு உருவாகின்றன.

பீங்கான் மண்கூழைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்ச, அதன் உட்புறத்தில் மண்சுவர் படியும். எஞ்சிய கூழை வடித்து, உருவத்தை உலர்த்திச் சூளையில் சுடுவர். சுடுமண் பொருள்கள் பெரும்பாலும் 1000 பாகை செல்சியசுக்குள் வெந்துவிடும். உயர்வகைப் பீங்கானுக்கு 1200 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். சூட்டில் விரிசல் கண்டவை விற்பனைக்கு உதவா. அவ்விழப்பும் கைவினைஞரையே சாரும்.

பேரங்காடியில் விலை உறுதியானது. ஆனால் செய்தவர் யாரென்று தெரிவதில்லை. சந்தையில் செய்தவரையே காணலாம். ஆனால் கடும்பேரம் அவர் கூலியைக் குறைத்துவிடும். இவ்விரு குறைகளையும் தணிக்க வழிகள் உண்டு. 1973இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம், ‘பூம்புகார்’ விற்பனை நிலையங்கள் வாயிலாகக் கைவினைப் பொருள்களை விற்கிறது. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம், பதிவுபெற்ற பொருள்களின் ஊர்ப்பெயரைப் பிறர் பயன்படுத்தாமல் காக்கிறது.

பொருளின் அழகை மட்டுமன்றி, அது பிறந்த இடத்தையும் கேட்டறிந்து வாங்குவோரே அத்தொழிலை வாழவைக்கின்றனர்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர்க் கைவினைஞர் ஒருவரைச் சந்தித்து, ஒரு பொருளின் ஆக்கச்செலவையும் விற்பனை விலையையும் ஒப்பிட்டு எழுதுக.