மற்ற பத்துப் பேரையும் பாருங்கள்

மேற்படிப்புக்கென்று அமெரிக்கா வந்து, வந்த முதல் செப்டம்பரிலேயே இங்குள்ள கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்தில் மனதைப் பறிகொடுத்துவிடும் பிள்ளைகள் நிறைய. சனிக்கிழமை ஸ்டேடியத்தில் தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட உட்காரும்போது கேட்பார்கள்: “அங்கிள், குவாட்டர்பேக்கை மாத்திட்டாங்களே, இனி நம்ம டீம் தேறுமா?” சாம்பார் ஊற்றும் நேரத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. நெடுங்காலமாக இந்த ஆட்டத்தைப் பார்த்து வருகிறவன் என்ற உரிமையில், புதிதாகப் பார்க்கத் தொடங்கியிருக்கும் உங்களுக்காகச் சிலவற்றை எழுதுகிறேன்.

1. ஏன் மாற்றினார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

காயத்தால் மாறுவது வேறு. ஆட்டம் எடுபடவில்லை என்று கோச் மாற்றுவது வேறு. காயம் என்றால் அணிக்குள் யாருக்கும் யார்மீதும் வருத்தம் இருக்காது, ஆனால் புதியவனுக்குத் தயாராக நேரமும் இருக்காது. கோச் மாற்றினால் புதியவன் ஓரளவு தயாராக இருப்பான். ஆனால் பழையவனுக்கு அணியில் நெருங்கிய நண்பர்கள் இருப்பார்கள். அடுத்த இரண்டு மூன்று ஆட்டங்களின் போக்கைத் தீர்மானிப்பதில் மாற்றத்தின் காரணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

2. புதியவனின் முதல் ஆட்டத்தில் பந்து எங்கே போகிறது என்று பார்ப்பதற்கு முன், அது எப்படிப் புறப்படுகிறது என்று பாருங்கள்.

முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் கால்களுக்கு இடையே பின்னால் பந்தைத் தருவதில் ஒவ்வொரு முயற்சியும் தொடங்குகிறது. அதற்கு முன், அந்தப் பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் குரல் கொடுப்பான். அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தைக் காதால் பிடித்துத்தான் முன்வரிசையில் குனிந்து நிற்கும் ஐந்து பேரும் ஒரே நொடியில் எழுகிறார்கள். எவனாவது கொஞ்சம் முந்தி அசைந்தால் ‘ஃபால்ஸ் ஸ்டார்ட்’ என்று 5 யார்டு பின்னால் தள்ளிவிடுவார்கள். வாரநாள் பயிற்சியில் முதல்நிலை அணியோடு ஆடும் வாய்ப்பில் பெரும்பகுதி முதல்வனுக்கே போய்விடும். இரண்டாமவன் பல நாட்கள், வரப்போகும் எதிரணியைப் போல ஆடிக்காட்டி நம் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருப்பான். ஆகவே அவன் குரல் அந்த ஐவருக்கும் அவ்வளவாகப் பழகியிருக்காது. முதல் ஆட்டத்தில் எத்தனை ஃபால்ஸ் ஸ்டார்ட் என்று எண்ணுங்கள். நான்காவது ஆட்டத்திலும் எண்ணுங்கள். அந்த எண் குறைந்திருந்தால் அணி அவனோடு சேர்ந்துவிட்டது என்று பொருள்.

புதியவன் இடதுகைக்காரன் என்றால் இன்னும் சில மாறும். வலதுகைக்காரன் எறிய ஆயத்தமாகும்போது அவன் முதுகு இடப்பக்கம் திரும்பியிருக்கும்; அதனால் இடது முனையில் நிற்கும் தடுப்பாளன்தான் அவன் காணாத பக்கத்துக்குக் காவல். இடதுகைக்காரனுக்கு அந்தக் காவல் வலது முனைக்கு மாறிவிடும். பந்தின் சுழற்சியும் எதிர்த்திசையில் வரும். ரிசீவர்களின் விரல்களுக்கு அது பழகியாக வேண்டும்.

2024 முதல் பெரிய கல்லூரி அணிகளில் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஒவ்வொரு முயற்சிக்கும் முன் ஓடும் கடிகாரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்வரை கோச் காதில் பேசலாம். பிறகு இணைப்பு துண்டிக்கப்படும். புதியவனுக்கு இது பெரிய உதவி. ஆனால் எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்துக் கடைசி நேரத்தில் எடுக்கும் முடிவு அவன் தலையில்தான்.

3. குவாட்டர்பேக் மாறியபின் அணி நன்றாக ஆடினால், வேறு என்னவெல்லாம் மாறியிருக்கிறது என்று தேடுங்கள்.

இதற்கு நான் எப்போதும் காட்டுவது 2014ஆம் ஆண்டின் ஒஹாயோ ஸ்டேட் அணி. ஆகஸ்டில், முதல் ஆட்டத்துக்குச் சில நாட்களே இருந்தபோது, பிராக்ஸ்டன் மில்லருக்குத் தோள்பட்டை போனது. ஜே. டி. பேரட் இறங்கினார். இரண்டாவது ஆட்டத்தில் சொந்த ஊரிலேயே வர்ஜீனியா டெக்கிடம் 35–21 என்று தோல்வி. பேரட்டை 7 முறை பந்தோடு கீழே சாய்த்தார்கள். “இந்த வருஷம் அவ்வளவுதான்” என்று எழுதியவர்கள் ஏராளம். அந்தத் தோல்விக்குப் பின் அணி தோற்கவே இல்லை. ஆனால் நவம்பர் இறுதியில் மிச்சிகனுக்கு எதிரான ஆட்டத்தில் பேரட்டின் கணுக்கால் உடைந்தது. மூன்றாவது ஆளான கார்டேல் ஜோன்ஸ், ஒரே வார அவகாசத்தில், தன் வாழ்க்கையின் முதல் ‘ஸ்டார்ட்’டாக பிக் டென் மாநாட்டின் (அணிகளின் கூட்டமைப்பு) இறுதி ஆட்டத்தில் இறங்கினார். விஸ்கான்சினை 59–0 என்று வென்றார்கள். அடுத்து அலபாமாவை 42–35. அதற்கடுத்து 2015 ஜனவரி 12 அன்று தேசிய இறுதி ஆட்டத்தில் ஆரிகனை 42–20.

மூன்றாவது ஆள் எப்படிச் சாதித்தார்? செப்டம்பரில் முன்வரிசையில் டெய்லர் டெக்கர் ஒருவர்தான் முந்தைய ஆண்டிலிருந்து தொடர்ந்தவர். மற்ற நால்வரும் இடத்துக்குப் புதியவர்கள். டிசம்பருக்குள் அந்த ஐவர் ஒரே உடல்போல நகரப் பழகிவிட்டார்கள். அவர்கள் திறந்த வழியில் ரன்னிங் பேக் எசக்கியேல் எலியட் அந்த மூன்று ஆட்டங்களில் 220, 230, 246 யார்டு என்று ஓடினார். தேசத்திலேயே அதிகம் ஓடிய விஸ்கான்சினின் மெல்வின் கார்டனைத் தடுப்பாட்டக்காரர்கள் 76 யார்டில் நிறுத்தினார்கள். ஜோன்ஸின் நீண்ட எறிகளின் அழகை நான் குறைக்கவில்லை. இன்றும் நினைத்தால் மெய்சிலிர்க்கும். ஆனால் செப்டம்பரில் அதே ஜோன்ஸ் இறங்கியிருந்தால் அவரையும் 7 முறை சாய்த்திருப்பார்கள் என்பது என் முடிவு.

2021இல் ஜார்ஜியாவும் அப்படித்தான். ஜே. டி. டேனியல்ஸ் காயப்பட்டதும் ஸ்டெட்சன் பென்னட் இறங்கினார். ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் சேர்ந்த பையன். தேசியப் பட்டத்தையே வென்றார். அவருக்குப் பின்னால் நின்ற தடுப்பாட்டத்திலிருந்து 5 பேர் தொழில்முறை அணிகள் ஆளெடுக்கும் அடுத்த டிராஃப்டின் முதல் சுற்றிலேயே தேர்வானார்கள்.

4. ஒரே ஆட்டத்தின் நடுவில் மாற்றினால், எதிரணி எதற்காகத் தயாராகி வந்தது என்று யோசியுங்கள்.

2018 ஜனவரி 8, அட்லாண்டா. தேசிய இறுதி ஆட்டம். இடைவேளையில் ஜார்ஜியா 13, அலபாமா 0. ஜேலன் ஹர்ட்ஸ் எறிந்து கிடைத்தது மொத்தமே 21 யார்டு. இரண்டு பருவங்களில் ஹர்ட்ஸ் தலைமையில் அணி தோற்றது இரண்டே ஆட்டங்கள். அப்படிப்பட்டவரை உட்காரவைத்துவிட்டு, முதலாண்டு மாணவரான இடதுகைக்காரர் டுவா டாங்கோவைலோவாவை இறக்கினார் கோச் நிக் சேபன்.

ஹர்ட்ஸின் பலம் ஓட்டம். அதை அடைப்பதற்கென்றே ஜார்ஜியா தயாராகி வந்திருந்தது. எறிவதையே பலமாகக் கொண்டவர் வந்ததும், நெருங்கி நின்றவர்கள் பின்னால் விலகிப் போகவேண்டியதாயிற்று. டுவா 3 டச்டவுன் எறிந்தார். ஒரு பந்தை எதிரணியிடம் பறிகொடுக்கவும் செய்தார். அடுத்த நொடியே ரேக்வான் டேவிஸ் என்ற தடுப்பாட்டக்காரர் ஜார்ஜியாவின் பந்தைப் பறித்துத் திருப்பிக் கொடுத்தார். இரண்டாம் பாதி முழுவதும் அலபாமாவின் தடுப்பாட்டம் விட்டுக்கொடுத்தது 7 புள்ளி மட்டும். அது இல்லாவிட்டால் டுவாவின் கதையே இல்லை.

ஓவர்டைமில் ஜார்ஜியா 51 யார்டு ஃபீல்ட் கோல் அடித்து 23–20 என்று முந்தியது. அலபாமாவின் முதல் முயற்சியிலேயே டுவாவைப் பிடித்துச் சாய்த்து 16 யார்டு பின்னுக்குத் தள்ளினார்கள். அனுபவம் உள்ளவன் அப்படித் தவிக்கமாட்டான், பந்தை வெளியே எறிந்திருப்பான். இரண்டாவது முயற்சி, கடக்கவேண்டியது 26 யார்டு. டுவா முதலில் நடுப்பக்கம் பார்த்தார். பின்வரிசைக் காவலன் அங்கேயே நின்றுவிட்டான். உடனே இடது ஓரம் ஓடிய டெவோன்டா ஸ்மித்துக்கு எறிந்தார். 41 யார்டு, டச்டவுன், 26–23. அந்தப் பார்வைதான் கவனிக்க வேண்டியது: கண்ணாலேயே காவலனை இழுத்து நிறுத்திவிட்டு வேறு பக்கம் எறிவது. புதியவன் தேறுவானா என்று அறிய இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது.

5. முதல் வெற்றியில் மயங்காதீர்கள்.

புதியவனின் ஆட்டத்தை எதிரணிகள் வீடியோவில் பார்த்திருக்கமாட்டார்கள். மூன்று ஆட்டங்கள் போனால் எந்தப் பக்கம் ஓடுவான், அழுத்தம் வந்தால் எங்கே எறிவான் என்று எழுதி வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வருவதுதான் அவன் ஆட்டம்.

6. இரண்டு பேரை மாற்றி மாற்றி ஆடவைத்தால் உடனே பழிக்கவும் வேண்டாம், புகழவும் வேண்டாம்.

1997இல் புளோரிடா கோச் ஸ்டீவ் ஸ்பரியர், தோல்வியே காணாமல் வந்த புளோரிடா ஸ்டேட்டுக்கு எதிராக இரண்டு குவாட்டர்பேக்குகளைத் திரும்பத் திரும்ப மாற்றி இறக்கி, 32–29 என்று வென்றார். 2016இல் நோட்ர டேம் இரண்டு பேரோடு பருவத்தைத் தொடங்கி முதல் ஆட்டத்தில் டெக்சாஸிடம் 50–47 என்று தோற்றது. அந்தப் பருவம் 4 வெற்றி, 8 தோல்வியில் முடிந்தது. குவாட்டர்பேக் குழப்பம் என்றே எல்லோரும் பேசினார்கள். 47 புள்ளி எடுத்த அணி தோற்றதற்கு 50 கொடுத்தவர்கள் அல்லவா காரணம்? நான்காவது ஆட்டம் முடிந்ததும் தடுப்பாட்டத்துக்குப் பொறுப்பான கோச்சை நீக்கினார்கள்.

7. ஒருவனின் காயத்துக்காக மொத்த அணியையும் தள்ளிவிடாதீர்கள்.

இதை எழுதும்போது எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. 2023 நவம்பரில் புளோரிடா ஸ்டேட்டின் ஜோர்டன் டிராவிஸுக்குக் கால் முறிந்தது. அடுத்து வந்த டேட் ரோட்மேக்கர் புளோரிடாவை 24–15 என்று வென்றார், அவரும் காயப்பட்டார். மூன்றாமவரான பிராக் கிளென், முதலாண்டு மாணவர், ஏ.சி.சி. மாநாட்டின் இறுதி ஆட்டத்தில் எறிந்தது வெறும் 55 யார்டு. ஆனாலும் தடுப்பாட்டக்காரர்கள் லூயிவில்லை 6 புள்ளியில் அடக்கி, 16–6 என்று பட்டம் வாங்கிக் கொடுத்தார்கள். 13 ஆட்டம், 13 வெற்றி.

மறுநாள் தேர்வுக்குழு, தேசியப் பட்டத்துக்கு மோதும் நான்கு அணிகளின் பட்டியலை வெளியிட்டபோது அதில் அவர்கள் இல்லை. ஒரு தோல்வி கண்ட அலபாமாவுக்கு நான்காவது இடம். பெரிய மாநாட்டின் பட்டத்தைத் தோல்வியின்றி வென்ற அணி அப்படி ஒதுக்கப்பட்டது அதுவே முதல் முறை. 2014இல் மூன்றாவது ஆளோடு ஒஹாயோ ஸ்டேட் 59–0 என்று வென்றபோது உள்ளே விட்டார்கள். இங்கே 16–6 போதவில்லை. குவாட்டர்பேக் அழகாக ஆடினால்தான் வெற்றி வெற்றியா? தடுத்து நிறுத்தி வென்றால் அது கணக்கில் வராதா? குழு செய்தது அநியாயம் என்பதே என் கருத்து. தன் கால் பருவத்தின் தொடக்கத்திலேயே முறிந்திருக்கலாமே, இந்த அணி தன்னைவிட எவ்வளவு பெரியது என்று எல்லோரும் பார்த்திருப்பார்களே என்று டிராவிஸே வருந்தி எழுதினார். அதற்குப் பின் பருவத்தின் கடைசி ஆட்டமான ஆரஞ்சு பௌலில் ஜார்ஜியாவிடம் 63–3 என்று தோற்றதைக் காட்டிக் குழுவை நியாயப்படுத்துவார்கள். அன்று முக்கிய ஆட்டக்காரர்கள் பலர் களமிறங்கவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

8. உட்காரவைக்கப்பட்டவனை மறந்துவிடாதீர்கள்.

2018இல் ஒரு விதி மாறியது: பருவத்தில் 4 ஆட்டத்துக்கு மேல் ஆடாதவன் அந்த ஆண்டைத் தான் ஆடத் தகுதியுள்ள வருடங்களின் கணக்கில் இழக்கவேண்டியதில்லை. அந்த ஆண்டு கிளெம்சனில் 4 ஆட்டம் முடிந்ததும் கெல்லி பிரையன்டுக்குப் பதிலாக ட்ரெவர் லாரன்ஸை அறிவித்தார் கோச் டாபோ ஸ்வினி. பிரையன்ட் அணியைவிட்டு விலகினார். அவரைத் துரோகி என்றவர்கள் உண்டு. இருபது சொச்சம் வயதுப் பையன், மிச்சமிருக்கும் ஒரே வருடத்தைக் காப்பாற்றிக்கொண்டான். அதில் என்ன துரோகம்?

ஜனவரி இறுதி ஆட்டத்தில் உட்காரவைக்கப்பட்ட ஹர்ட்ஸோ அலபாமாவிலேயே தங்கினார். 2018 டிசம்பர் 1 அன்று, அதே அட்லாண்டா ஸ்டேடியத்தில், அதே ஜார்ஜியாவிடம் அணி 28–21 என்று பின்தங்கியிருந்தபோது டுவாவின் கணுக்கால் சுளுக்கியது. உள்ளே போன ஹர்ட்ஸ் ஒரு டச்டவுன் எறிந்தார், ஒன்றைத் தானே ஓடி முடித்தார், 35–28. தங்கியவரையும் மதியுங்கள், போனவரையும் மதியுங்கள்.

மூன்றாமவனின் பெயரையும் தெரிந்து வைத்திருங்கள். பிரையன்ட் விலகிய அதே வாரம், சிரக்யூஸுக்கு எதிராக லாரன்ஸ் அடிபட்டு வெளியேறினார். சேஸ் பிரைஸ் என்ற பையன் இறங்கினான். கடைசிக் கட்டத்தில் 94 யார்டு போகவேண்டும். நான்காவது முயற்சியில் 6 யார்டு தேவைப்பட்ட இடத்தில் டீ ஹிக்கின்ஸுக்கு 20 யார்டு எறிந்தான். அன்று 203 யார்டு ஓடிய டிராவிஸ் எட்டியன் 41 நொடி மிச்சம் இருக்கையில் டச்டவுன் போட்டார்; 27–23. கிளெம்சன் அந்தப் பருவத்தை 15–0 என்று முடித்துத் தேசியப் பட்டம் வாங்கியது. பிரைஸுக்கு அங்கே அதற்குமேல் இடம் இல்லை. டியூக் போனார், பிறகு அப்பலேச்சியன் ஸ்டேட். 2022 செப்டம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 17–14 என்று அப்பலேச்சியன் ஸ்டேட் வென்ற நாளில், குவாட்டர்பேக் அவர்தான்.