சிறிய நாயைத் தத்தெடுக்கப் போகிறீர்களா? முதலில் வீட்டைப் பாருங்கள்

சென்னையின் விலங்குக் காப்பகங்களில் நாட்டு நாய்களோடு பொமரேனியன், பக், ஷிட்சூ, டாஷண்ட் போன்ற சிறிய ஜாதி நாய்களும் இருக்கின்றன. பல, யாரோ ஆசைப்பட்டுக் காசு கொடுத்து வாங்கியவை. தோல் நோய் வந்தது, வயதானது, வீடு மாறினார்கள், குழந்தை பிறந்தது என்று ஏதோ ஒரு காரணத்தால் தெருவுக்கு வந்தவை. குட்டி போடுவதற்காகவே கூண்டில் வைத்திருந்து, இனி பயனில்லை என்றதும் கைவிடப்பட்ட பெட்டை நாய்களும் உண்டு. இப்படி ஒருமுறை வீடிழந்த நாயை ஆசையாக அழைத்துப்போய், ஒரே மாதத்தில் திருப்பிக் கொண்டுவந்து விடுவது பெருங்கொடுமை. அப்படி நேராமல் இருக்க வேண்டுமானால், நாயைப் பார்க்கப் போவதற்கு முன்பே வேலை தொடங்க வேண்டும்.

வீடு எத்தனை சதுர அடி என்பது இதில் பெரிய விஷயமில்லை. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வீட்டில் ஆள் இருக்கிறது என்பதைக் கணக்கிடுங்கள். காலையில் யார் வெளியே அழைத்துப்போவார், மதியம் யார் சோறு வைப்பார், ஊருக்குப் போனால் எங்கே விடுவது என்று ஒரு தாளில் பெயர் போட்டு எழுதுங்கள். சிறிய நாயின் சிறுநீர்ப் பையும் சிறியது; வளர்ந்த நாயைக்கூட ஒரு நாளில் மூன்று நான்கு முறை வெளியே விட வேண்டும். கணவன் மனைவி இருவரும் காலை எட்டு மணிக்குக் கிளம்பி இரவு ஏழு மணிக்குத்தான் திரும்புவீர்கள் என்றால், நடுவில் வந்து பார்க்க ஆள் ஏற்பாடு செய்யுங்கள். முடியாதென்றால் இப்போதைக்கு வேண்டாம்.

விண்ணப்பத்தில் மகனோ மகளோ கையெழுத்துப் போடுவார்கள். பகலெல்லாம் பார்த்துக்கொள்வது அம்மாவோ மாமியாரோதான். அவர்கள் மனதார ஒப்புக்கொள்ளாத வீட்டில் எந்த நாயும் நிலைக்காது. தள்ளாடி நடக்கும் பெரியவர் இருந்தால், காலுக்கு நடுவே ஓடும் துறுதுறுப்பான நாயைத் தவிர்த்து நிதானமான வயது நாயைத் தேடுங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். மிகச் சிறிய நாய்களின் முன்னங்கால் எலும்பு மெல்லியது. குழந்தை தூக்கிக் கை தவறவிட்டாலே முறியலாம். வலிக்கும் பயத்துக்கும் நாய் கடிக்கும், பிறகு பழி அதன் மேல் விழும். வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் வளர்ப்பு நாய்களுக்குத் தடை போட முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-இலேயே அறிவுறுத்தியிருக்கிறது.

அடுத்தது, எந்த நாய் என்பது. ஆறு வாரக் குட்டிகள் எல்லாமே சிறியவைதான். தாய் தந்தை தெரியாத குட்டி ஒரு வருடத்தில் 15, 20 கிலோ எடையுள்ள நாட்டு நாயாக வளர்ந்து நிற்கலாம். அதில் தவறில்லை, நம் வெயிலுக்கு அதைவிட ஏற்ற நாய் கிடையாது. ஆனால் சிறிய நாய்தான் உங்கள் வீட்டுக்குச் சரிவரும் என்றால், வளர்ந்து முடிந்த நாயை எடுங்கள். அதன் உருவமும் குணமும் கண்ணெதிரே தெரியும். முதன்முறையாக நாய் வளர்ப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, இரண்டு வயது தாண்டிய நாய் என்பதுதான்.

ஜாதிக்கு ஜாதி தேவையும் மாறும். நம் ஊரில் பொமரேனியன் என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். வெயிலை ஓரளவு தாங்கும். ஆனால் அழைப்பு மணி அடித்தாலும் குரைக்கும், படிக்கட்டில் காலடி கேட்டாலும் குரைக்கும். பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியிருந்தால் யோசியுங்கள். பக் நாய் 2003-இல் வந்த ஒரு செல்பேசி விளம்பரத்தால் வீடுவீடாகப் பரவியது. தட்டையான மூக்கால் அது மூச்சுவிடவே சிரமப்படும். மே மாத வெயிலில் நண்பகல் நடை அதன் உயிருக்கே ஆபத்து. ஷிட்சூவின் முடியைத் தினமும் சீவ வேண்டும், இல்லாவிட்டால் சிக்கு விழுந்து தோல் புண்ணாகும். நீண்ட முதுகுள்ள டாஷண்டுக்குத் தண்டுவட வட்டு பிதுங்கும் அபாயம் அதிகம். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி அதற்கு ஏற்றதில்லை.

காப்பகத்துக்கு வீட்டிலுள்ள எல்லோரும் போங்கள். சென்னையில் கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ் இருக்கிறது. மற்ற ஊர்களிலும் சிறிய காப்பகங்களும் தனியாக மீட்புப்பணி செய்யும் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். ஒரே நாளில் முடிவெடுக்காமல், வேறொரு நேரத்தில் இன்னொரு முறையும் போய்ப் பாருங்கள். கூண்டுக்குள் நடுங்குகிற நாய் வீட்டிலும் அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். நேராகக் குனிந்து தலையைத் தடவவோ தூக்கவோ கூடாது. தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, அது தானாக வந்து முகரும்வரை காத்திருங்கள். தினமும் சோறு வைக்கும் பணியாளருக்குத்தான் அந்த நாயைப் பற்றி அதிகம் தெரியும். எங்கே எப்படிக் கிடைத்தது, தூக்கினால் கடிக்கப் பார்க்கிறதா, தட்டருகே போனால் உறுமுகிறதா, ஆண்களைக் கண்டு ஒடுங்குகிறதா, தனியாக விட்டால் ஊளையிடுகிறதா, பூனையோடு ஒத்துப்போகிறதா என்று அவரிடம் கேளுங்கள். குறை சொன்னால் அந்த நாயை உடனே ஒதுக்கிவிடாதீர்கள். அந்தக் குறையோடு உங்கள் வீட்டில் வாழ முடியுமா என்று பாருங்கள். ஏற்கெனவே நாய் இருந்தால் இரண்டையும் முதலில் பொது இடத்தில் சந்திக்க வைத்து, இணையாக நடத்திப் பாருங்கள்.

ரேபிஸ் தடுப்பூசி, பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை அறுவை ஆகியவற்றின் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்களா என்பதையும் கேளுங்கள். நம் பக்கம் அது சாதாரணமாக வரும் நோய். சிறிய நாய்களுக்குப் பல் சீக்கிரம் கெடும் என்பதால் வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குறைந்த செலவில் சிகிச்சை கிடைக்கும். வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமமும் எடுக்க வேண்டும். காப்பகம் அனுமதித்தால், இரண்டு வாரம் தற்காலிகமாக வளர்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது மிக நல்லது.

வீட்டுக்கு அழைத்து வரும் நாளில் கழுத்துப்பட்டையை நம்பாதீர்கள். சிறிய நாய்களின் மூச்சுக்குழாய் மென்மையானது, பட்டையும் எளிதில் நழுவும். மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். புது நாய்கள் தொலைவது முதல் சில நாட்களில்தான். பால்காரருக்கும் கூரியர்காரருக்கும் கதவைத் திறக்கும்போது நாய் உள்ளறையில் இருக்கட்டும். உறவினர்களைக் கூப்பிட்டுக் காட்டுவதைத் தள்ளிப்போடுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அழைத்து வரவே வேண்டாம். வெடிச்சத்தத்துக்கு மிரண்டு ஓடினால் அதற்குத் திரும்பி வர வழி தெரியாது.

பயம் தெளிய மூன்று நாள், வீட்டு ஒழுங்கு பிடிபட மூன்று வாரம், இது என் வீடு என்று உணர மூன்று மாதம் என்று மீட்புப்பணியில் இருப்பவர்கள் கணக்குச் சொல்வார்கள். சில நாய்களுக்கு அதைவிட அதிகமாகும். அதுவரை கூடத்தில் சிறுநீர் கழித்தால் அடிக்காமல், அதட்டாமல் துடைத்துவிட்டு, அடுத்த முறை முன்கூட்டியே வெளியே அழைத்துப்போங்கள். காப்பகத்தில் கொடுத்த உணவையே முதல் வாரம் கொடுத்து, பிறகு மெல்ல மாற்றுங்கள். சாம்பார் சாதம் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. பாயசத்தில் போடும் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஐந்து கிலோ நாய்க்குக் கொஞ்சமே போதும் ஆபத்துக்கு. தனியாக இருக்கவும் பழக்க வேண்டும்: ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி என்று கூட்டிக்கொண்டே போங்கள்.

எல்லாம் செய்தும் ஒத்துவரவில்லை என்றால், கொடுத்த இடத்திலேயே நாயை ஒப்படையுங்கள். முன்பின் தெரியாதவரிடம் கைமாற்றி விடாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். காப்பகத்தில் ஏழெட்டு வயது நாய்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிறிய நாய்கள் பல 12, 15 வயதுவரை வாழ்கின்றன. நிதானம் வந்து, வீட்டுப் பழக்கம் தெரிந்து, மடியருகே படுக்க இடம் கேட்கும் அந்த நாய்களையும் ஒருமுறை காட்டச் சொல்லிப் பாருங்கள்.